மலைநாட்டு வீதிக்கு எந்த எஞ்சின்: பெற்றோலா, டீசலா?

எஸ்டேட் கார் என்று மலையகத்தில் யாராவது சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் வருவது தோட்டத்துத் துரையின் ஜீப்பாகத்தான் இருக்கும். வாகன உலகில் அந்தச் சொல்லுக்குத் தேயிலையோடு தொடர்பில்லை. கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கிக்குப் பதிலாக மேலே தூக்கித் திறக்கும் கதவொன்றும், பின் இருக்கையை மடித்தால் நாலைந்து மூட்டைகளை அடுக்கக்கூடிய இடமும் கொண்ட காரையே அது குறிக்கிறது. ஸ்டேஷன் வேகன் என்பதும் இதுவே. நம் ஊர் எங்கும் ஓடும் சுசுகி வேகன் ஆர் வேறு. அதே காரில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகுமாறு செய்தால், சாதாரண வீதியில் காரைப் போலவும், மழையில் சேறான தோட்டப் பாதையில் ஓரளவு ஜீப்பைப் போலவும் ஓடும் வாகனம் கிடைக்கிறது. சுபாரு நிறுவனம் 1972 ஆம் ஆண்டிலேயே தன் லியோன் வகையில் இப்படியான வேகனை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது; இன்று நம் கண்ணில் படும் சுபாரு அவுட்பேக், வொல்வோ எக்ஸ்சி 70 போன்றவை அதே வழியில் வந்தவை.

இத்தகைய வாகனம் ஒன்றை வாங்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "லீற்றருக்கு எத்தனை ஓடும்?" என்பதுதான். அது பிழையான கேள்வியல்ல. ஆனால் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது என் கருத்து. ஒருமுறை சாவியைத் திருப்பினால் வண்டி எவ்வளவு தூரம் நிற்காமல் ஓடப் போகிறது, எவ்வளவு பாரத்தோடு ஓடப் போகிறது என்பதற்கு முதலில் விடை கண்டால், பெற்றோலா டீசலா என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். அதற்கு முன் இரண்டு எஞ்சின்களும் அடிப்படையில் எங்கே பிரிகின்றன என்பதைப் பார்த்துவிடலாம்.

பெற்றோல் எஞ்சின் காற்றையும் பெற்றோலையும் கலந்து, அக்கலவையைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கி, பிளக்கிலிருந்து வரும் நெருப்புப் பொறியால் பற்ற வைக்கிறது. அதற்கு மேல் மிகுதியாக அமுக்கினால் பொறி வருவதற்கு முன்பே கலவை தானாக வெடித்துவிடும். கராஜில் 'நொக்' அடிக்கிறது என்று சொல்வது இதைத்தான். டீசல் எஞ்சின் வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறில் ஒரு பங்கு, சில எஞ்சின்களில் அதைவிடவும் சிறிதாக நசுக்குகிறது. அப்படி நசுக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறியிருக்கும் தருணத்தில் நொசில் வழியாக டீசல் பீய்ச்சப்படுவதால், பிளக்கின் உதவியே இல்லாமல் அது தானாகப் பற்றிக்கொள்கிறது. ருடோல்ஃப் டீசல் 1897 இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய எஞ்சினின் கருத்து இதுவே. இன்றைய டீசலில் மாறியிருப்பது கருவிகளே தவிர கொள்கை அல்ல.

இந்த வேறுபாட்டிலிருந்து இன்னொன்று பிறக்கிறது. பெற்றோலும் காற்றும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதால், வேகத்தைக் குறைக்க எரிபொருளை மட்டும் குறைத்தால் போதாது; காற்றையும் குறைக்க வேண்டும். ஆகவே பெற்றோல் எஞ்சினின் காற்றுக் குழாயில் த்ரொட்டில் என்னும் மூடித் தகடு ஒன்று இருக்கிறது. அக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். டீசல் எஞ்சினுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்த இந்தத் தகடு தேவையில்லை. காற்று தாராளமாக உள்ளே போகும், டீசலின் அளவு மட்டும் கூடிக் குறையும். சிறிய விடயம் போலத் தோன்றும் இந்தத் தகட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது இதனிடம் திரும்பி வருவோம்.

ஏற்றத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லொறி ஒன்றின் பின்னால் நீங்கள் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முடக்கு வருகிறது, லொறி ஏறத்தாழ நின்று திரும்புகிறது, நீங்களும் நிற்காத குறையாக மெதுவாகி, பின்பு ஏற்றத்திலேயே மீண்டும் வேகமெடுக்க வேண்டும். இங்கே வண்டியின் உச்ச வேகமும் குதிரைவலுவும் உதவிக்கு வருவதில்லை. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே சக்கரத்தை எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பதே முக்கியம். அதற்குப் பெயர் முறுக்குவிசை. சுபாரு 2008 இல் ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்த 2 லீற்றர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுழற்சியிலேயே 350 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையைக் கொடுத்தது. அதே காலத்து அவுட்பேக்கின் 2.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினோ அளவில் பெரிதாக இருந்தும், சுமார் 230 நியூட்டன் மீற்றரைத்தான் கொடுத்தது. அதுவும் 4,000 சுழற்சியை எட்டிய பிறகு. ஆனால் குதிரைவலுவில் பெற்றோல் எஞ்சினே சற்று முன்னால் இருந்தது.

இதை வைத்துப் பெற்றோல் வண்டி மலை ஏறாது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு, அது மிகைப்படுத்தல். ஆட்களும் சாமானுமாக 1,900 கிலோ எடையுள்ள வேகன் ஒன்று, பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போவதற்குச் சக்கரத்தில் தேவைப்படுவது ஏறத்தாழ 18 கிலோவாட் மட்டுமே. இரண்டு எஞ்சின்களிலும் அதைப்போல பல மடங்கு இருக்கிறது. வேறுபாடு அதை எங்கே தேட வேண்டும் என்பதில்தான். பெற்றோல்காரர் இரண்டாம் கியருக்கு, சில முடக்குகளில் முதலாம் கியருக்கே இறக்கி, எஞ்சினை 3,500 சுழற்சிக்கு மேல் இரைய விட வேண்டும். டீசல்காரர் இருக்கிற கியரிலேயே மெல்ல மிதித்து ஏறிவிடுவார். முன்னவருக்குக் காதும் கையும் சற்று களைக்கும், அவ்வளவுதான். ஓட்டோமெற்றிக் கியர் என்றால் கை களைப்பதும் இல்லை.

எரிபொருள் செலவையும் இதே ஏற்றத்தில் வைத்துக் கணக்கிடலாம். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு வண்டி ஏறத்தாழ 1,400 மீற்றர் உயர்கிறது. 1,900 கிலோவை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க 26 மெகாயூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் சுமார் 36 மெகாயூலும் ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாயூலும் உள்ளன. டீசல் எஞ்சின் அதில் 36 சதவீதத்தையும் பெற்றோல் எஞ்சின் 30 சதவீதத்தையும் வேலையாக மாற்றுகிறது என்று கொண்டால், தூக்குவதற்கு மட்டும் டீசலில் 2 லீற்றரும் பெற்றோலில் 2.7 லீற்றரும் செலவாகும். தட்டையான வீதியில் ஓடினாலும் ஆகும் செலவு இதற்கு மேலதிகம்.

இங்கே பலருக்கு வியப்பாக இருக்கும் செய்தி ஒன்று உண்டு. பெற்றோல் எஞ்சின் எரிபொருளை அதிகம் வீணாக்குவது ஏற்றத்தில் அல்ல. நெரிசலில் ஊரும்போதும், நின்றபடி இயங்கும்போதும், சமவெளியில் மென்மையாக ஓடும்போதும்தான். அப்போது அந்தத் த்ரொட்டில் தகடு பாதி மூடியிருக்க, எஞ்சின் மூச்சை இழுப்பதற்கே சக்தியைச் செலவிடுகிறது. ஏற்றத்தில் தகடு நன்றாகத் திறந்துவிடுவதால் அந்த இழப்பு குறைகிறது. ஆகவே டீசலின் சிக்கனம் மலையில்தான் மிகவும் வெளிப்படும் என்ற நம்பிக்கை முழுதும் உண்மையல்ல. கண்டி நகரின் மாலை நெரிசலில் அது இன்னும் நன்றாக வெளிப்படும். எப்படியாயினும் ஒரு லீற்றரில் டீசல் கூடுதல் தூரம் போகும் என்பதில் ஐயமில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது கார் ஒன்றுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடுபவருக்கு அது 180 கிலோமீற்றர், 13 ஓடுபவருக்கு 260 கிலோமீற்றர். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்ப வேண்டியவருக்கு அந்த இடைவெளியின் பெறுமதி நன்றாகவே விளங்கியிருக்கும்.

உயரம் இன்னொரு வழியிலும் குறுக்கிடுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தானாக மூச்சிழுக்கும் எஞ்சின், அதாவது டர்போ இல்லாத எஞ்சின், அதற்குச் சற்றுக் குறைந்த அளவில் ஒட்சிசனை இழக்கிறது. கொழும்பில் 167 குதிரைவலு காட்டிய எஞ்சின் நுவரெலியாவில் ஏறத்தாழ 140 ஐத்தான் தரும். டர்போ உள்ள எஞ்சின், மெலிந்த காற்றைத் தானே அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது. இன்றைய கார்களின் டீசல் எஞ்சின்களில் டர்போ இல்லாதது அரிது. எனவேதான் உயரத்தில் டீசல் சோர்வதில்லை என்ற பெயர் வந்தது. உண்மையில் அந்தப் பெயர் டர்போவுக்கு உரியது. டர்போ பொருத்திய சிறிய பெற்றோல் எஞ்சின் கொண்ட புதிய வேகன்களும் நுவரெலியாவில் அதேபோலத் தெம்பாகவே ஓடும், குறைந்த சுழற்சியிலேயே இழுக்கவும் செய்யும். ஆகவே பழைய பெற்றோலுக்குச் சொன்ன குறைகளை அவற்றின் மேல் ஏற்றக் கூடாது.

இனி இறக்கம். இதைப் பற்றி வாங்குபவர்கள் கேட்பதேயில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம், ஏனெனில் மலைநாட்டில் வண்டிகள் பள்ளத்தில் விழுந்த செய்திகள் பெரும்பாலும் இறக்கத்திலிருந்தே வருகின்றன. மேலே ஏற்றுவதற்குச் செலவிட்ட அதே 26 மெகாயூல், நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது வண்டியைக் கீழே தள்ளும் சக்தியாகத் திரும்பி வருகிறது. 75 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அவ்வளவையும் பிரேக்கின் தலையில் கட்டினால் பட்டை கருகும் நாற்றம் இறம்பொடைக்கு முன்பே மூக்கில் ஏறும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் அது கொதித்து, மிதி பஞ்சு போல உள்ளே போகத் தொடங்கும். ஆகவே கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்க வேண்டும்.

இந்த வேலையில் பெற்றோல் எஞ்சின்தான் பொதுவாகக் கெட்டிக்காரன். காலை எடுத்ததும் த்ரொட்டில் தகடு மூடிக்கொள்வதால், ஒவ்வொரு பிஸ்டனும் மூடிய வாயிலுக்கு எதிராக மூச்சிழுக்கத் திணறுகிறது; அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. டீசலில் காற்று தடையின்றி உள்ளே போகிறது. பிஸ்டன் அதை அமுக்கப் பாடுபடுவது உண்மைதான் என்றாலும், அமுங்கிய காற்று ஸ்பிரிங்கைப் போல அதே பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுவதால், பிடித்ததில் பெரும்பங்கு கைநழுவிவிடுகிறது. லொறிகளிலும் பஸ்களிலும் புகைக் குழாயை அடைத்து எஞ்சினைப் பிடிக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்றைப் பொருத்துவதற்கு இதுவே காரணம். டீசல் கார்களில் அது இருப்பதில்லை. போதாக்குறைக்கு, டீசலின் கியர்கள் எஞ்சின் மெதுவாகச் சுழலும்படி அமைக்கப்பட்டிருக்கும். டீசல் வேகனில் கினிகத்தேனை இறக்கத்தையோ நானுஓயாவின் ரதல்ல குறுக்கு வீதியையோ இறங்குபவர், பெற்றோலில் பழகியதைவிட ஒரு கியர் குறைத்தே இறங்க வேண்டியிருக்கும். நான்கு சக்கர இயக்கம் இருப்பதால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நம்புவோருக்கு ஒரு சொல்: நான்கு சக்கர இயக்கம் வண்டியை இழுப்பதற்கே அதிகம் உதவுகிறது; நிறுத்துவதற்கு எல்லாக் கார்களிலும் இருப்பது நான்கு சக்கர பிரேக்தான்.

டீசலுக்கு எதிரான மிகப் பெரிய காரணம் இன்னும் வரவில்லை. ஐரோப்பாவுக்காகச் செய்யப்பட்ட கடந்த பதினைந்து ஆண்டுகளின் டீசல் கார்களில், புகைக் குழாயின் நடுவே கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, கராஜில் டி.பி.எஃப் என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும்; அதற்குப் புகையின் சூடு 600 பாகை அளவுக்கு ஏற வேண்டும், வண்டியும் கால் மணி நேரமாவது நிற்காமல் ஓட வேண்டும். தலவாக்கலையில் வீட்டிலிருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர், அங்கிருந்து சந்தைக்கு ஒரு கிலோமீற்றர், மீண்டும் வீடு என்று ஓடும் வண்டியில் எஞ்சினே முழுதாகச் சூடேறுவதில்லை. வடிகட்டி எங்கே சூடேறுவது? கரி நிறைந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, பிறகு எஞ்சின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டு நொண்டத் தொடங்கும். நீண்ட ஏற்றத்தில் பாரத்தோடு ஓடும்போது புகை நன்றாகச் சூடேறுவதால், மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை கொழும்புக்குப் போய்வரும் மலைநாட்டு டீசலுக்கு இந்த நோய் அவ்வளவாக வருவதில்லை.

எரிபொருளின் தரமும் இதோடு சேர்ந்தது. நம் பெற்றோல் செட்டுகளில் ஒட்டோ டீசல், சுப்பர் டீசல் என்று இரண்டு உண்டு. யூரோ 4 தரத்தைச் சேர்ந்த சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு. வடிகட்டி உள்ள எஞ்சினுக்கு அதுவே பொருத்தம். சிறு நகரங்களில் எல்லா இடத்திலும் எல்லா நாளும் அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றும் பழைய கைவேலையை மட்டும் இந்த எஞ்சின்களிடம் காட்டக் கூடாது. பம்பும் நொசிலும் டீசலின் வழுவழுப்பையே எண்ணெயாகக் கொண்டு, சாதாரணக் காற்றமுக்கத்தைப் போல 1,600 மடங்குக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் வேலை செய்பவை. மண்ணெண்ணெய் அந்த வழுவழுப்பைக் கெடுத்துவிடும். பெற்றோலில், 'நொக்' அடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் ஒக்டேன் 92, 95 என்ற தேர்வு அவ்வளவு நெருக்கடியானதல்ல. மெலிந்த காற்றில் 'நொக்' அடிப்பது குறைவு என்பதால், 92 க்கு ஏற்றதாகச் சொல்லப்பட்ட எஞ்சினுக்கு நுவரெலியாவில் 95 ஊற்றிப் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை போதும். தை மாத விடியலில் நுவரெலியாப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும்போது, டீசல் வண்டியில் சாவியை ஒரு கட்டம் திருப்பி, சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு அணையும் வரை காத்திருந்து பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்காக எஞ்சினின் உட்புறத்தைச் சூடாக்கித் தரும் ஹீட்டர் பிளக் நல்ல நிலையில் இருந்தால் அதற்கு மேல் சிக்கல் இல்லை. நம் குளிர் டீசலை உறைய வைக்கும் குளிரல்ல.

வாங்கும் விலையில் டீசலுக்குப் பாதகம் உண்டு. இறக்குமதி வாகனத்தின் உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவையும், அது பெற்றோலா டீசலா என்பதையும் பொறுத்துக் கணக்கிடப்படுகிறது. 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே சந்தையில் பார்க்கக் கிடைப்பவற்றில் பல, பத்து வயதைத் தாண்டியவை. அந்த வயதில் ஒரு டீசல் நொசிலின் விலையையும், கிளட்சோடு சேர்ந்து எஞ்சினின் அதிர்வைத் தணிக்கும் இரட்டைச் சக்கரத்தின் விலையையும் ஊர் கராஜில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெற்றோலில் அதற்கு இணையான தலைவலி பிளக்கும் கொயிலும் மட்டுமே.

ஆக, நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரத்துக்குள்ளேயே தினமும் சிறிய ஓட்டங்கள் ஓடி, ஆண்டுக்குச் சில தடவை மட்டும் கீழே இறங்குபவருக்குப் பெற்றோலே என் தேர்வு. ஏற்றத்தில் எஞ்சின் சற்று இரையட்டும். வாரந்தோறும் கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ ஆட்களும் பாரமுமாக ஓடுபவர் டீசலைத் துணிந்து எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர், விலை கட்டுப்படியாகுமானால் டர்போ பெற்றோலைப் பார்க்கட்டும். எதை எடுத்தாலும் நிரந்தர நான்கு சக்கர இயக்கம் கொண்ட வேகனில் நான்கு டயரும் ஒரே வகையாகவும் ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் நடுக் கியர்ப் பெட்டி ஓயாமல் அதோடு மல்லுக்கட்டிச் சூடேறும்.

பழைய டீசல் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே சொல்லி வைத்து, எஞ்சின் இரவு முழுவதும் ஆறிக் கிடந்த பிறகு காலையில் போங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் போனட்டைத் திறந்து எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது, விரலில் தொட்டால் நீராக ஓடுகிறது, முகர்ந்தால் டீசல் மணக்கிறது என்றால், வடிகட்டியை எரிக்கப் பீய்ச்சிய டீசல் பாதியிலேயே நின்ற ஓட்டங்களால் எரியாமல் எண்ணெயில் வடிந்திருக்கிறது என்று அறியலாம். அந்த வண்டியை நூறாயிரம் குறைத்துத் தந்தாலும் கம்பியைத் திருப்பிச் செருகிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.